அத்தை செய்த தட்டான் விமானம்

அந்தக் கோடை முழுவதும் எங்கள் வீட்டுச் சோற்றில் தெர்மாகோல் இருந்தது. சின்னச் சின்ன வெள்ளை மணிகள். ஊதினால் பறந்துபோய் வேறு பாத்திரத்தில் விழும், துடைத்தால் கையோடு ஒட்டிக்கொண்டு வரும், கழுவினால் மிதக்கும். அப்பா ரசத்திலிருந்து ஒரு மணியை விரல் நுனியால் எடுத்துத் தட்டோரம் வைப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். அவர் சத்தம் போட்டிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை. சத்தமே போடாமல் தட்டோரம் மணிகளைச் சேர்த்துக்கொண்டே போனால், இது எங்கே போய் முடியுமோ என்று இருக்கும்.

கவலைப்படுவதற்கென்றே பிறந்தவள் என்று அம்மா என்னைச் சொல்வாள். எனக்கு அப்போது பத்து வயது. பள்ளிக்கூட வேன் என்னை விட்டுவிட்டுப் போய்விடுமோ, கேஸ் அடுப்பை அணைத்தார்களோ இல்லையோ, மழை வந்தால் மொட்டைமாடித் துணி என்ன ஆகும், மழையே வராவிட்டால் ஊர் என்ன ஆகும் என்று ஒன்று மாற்றி ஒன்று இருந்துகொண்டே இருக்கும். பயம் எனக்கு வயிற்றில்தான் வரும். தொப்புளைச் சுற்றி யாரோ ஈரத்துணி பிழிவது போல வலிக்கும். அம்மா ஓமத்தண்ணீர் கொடுப்பாள். அந்தக் கோடையில் வாங்கிய ஓமத்தண்ணீரை எல்லாம் நான் ஒருத்தியே குடித்துத் தீர்த்தேன்.

தெர்மாகோலை வீட்டுக்குள் கொண்டுவந்தவள் அத்தை, அப்பாவின் கடைசித் தங்கை. அம்மா இந்த வீட்டுக்கு வாழ வந்தபோது அத்தை இரட்டைச் சடையும் பாவாடையுமாகப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாளாம். பெற்றவர்கள் இருவரும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்துவிட்டதால், அவளுக்குத் தலை வாரிவிட்டதும் காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்ததும் அம்மாதான். மதினி என்று கூப்பிட்டாலும், கோபித்துக்கொள்வதும் செல்லம் கொஞ்சுவதும் பெற்ற தாயிடம் போலத்தான் இருக்கும். நான் பிறப்பதற்கு முன்பே அம்மாவுக்கு ஒரு மகள் இருந்தாள் என்று சொல்லிவிடலாம்.

அத்தை கோயம்புத்தூரில் விமானம் பற்றிய இன்ஜினியரிங் படித்தாள். திண்டுக்கல்லில் எங்களுக்கு விமானம் என்பது மலைக்கோட்டைக்கு மேலே எப்போதாவது தெரிகிற வெள்ளைக்கோடு, அவ்வளவுதான். சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வந்தால், படித்து முடித்ததும் பிளேனில் காபி கொடுக்கிற வேலையா, அல்லது ஓட்டவே விடுவார்களா என்று கேட்பார்கள். அத்தை இரண்டும் இல்லை, பிளேனை வரைகிற வேலை என்பாள். வரைவதற்கு எதற்கு நாலு வருடம் என்று அவர்கள் அம்மாவைப் பார்ப்பார்கள். அம்மாவுக்கும் பதில் தெரியாது. ஆனாலும் தெரிந்தவள் போலச் சிரித்து வைப்பாள்.

கடைசிப் பரீட்சை முடிந்து அத்தை வீட்டுக்கு வந்தபோது அவள் பெட்டியில் துணியைவிடத் தாள்தான் அதிகம். கல்லூரியில் தாளோடு நின்றுபோன ஒரு விமானத்தை அவள் இங்கே செய்து பறக்கவிட வேண்டும். ரிமோட்டில் ஓடுகிற விமானம். ரிமோட் பெட்டியையும் மோட்டாரையும் ஆசிரியர் ஒருவர் நம்பி இரவல் கொடுத்திருந்தார். மீதியெல்லாம் எங்கள் வீட்டிலிருந்தே கிடைத்தது. அப்பா பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் டி.வி., பிரிட்ஜ், மிக்ஸி விற்கிற கடை வைத்திருந்தார். பெட்டிகளுக்குள் முட்டுக்கொடுத்து வருகிற தெர்மாகோல் கட்டிகள் கடையின் பின்னால் குவிந்து கிடக்கும். அத்தை அவற்றை ஒன்றோடொன்று ஒட்டி, மூங்கில் வில்லில் கம்பி கட்டி, பேட்டரியில் சூடேற்றி, வெண்ணெய் வெட்டுவது போல வெட்டினாள். இறக்கைக்கு உள்ளே வலுவுக்கு மூங்கில் பிளாச்சு. வரைபடங்கள் மாதக் காலண்டரின் முதுகில்.

அந்த விமானத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று நினைத்தார்கள். மூக்குப் பக்கம் ஒரு பெரிய இறக்கை, வால் பக்கமும் அதே அளவு இன்னொரு பெரிய இறக்கை. எது முன்னால், எது பின்னால் என்று கடை வேன் டிரைவர் சுற்றி வந்து பார்த்தார். நான்தான் அதற்குத் தட்டான் என்று பெயர் வைத்தேன். அத்தைக்கு அந்தப் பெயர் பிடித்துவிட்டது. மற்ற விமானங்களில் பின்னால் இருக்கிற குட்டி இறக்கை சும்மா ஆடாமல் பார்த்துக்கொள்ளும், கனத்தைச் சுமக்காது என்றாள். இதில் இரண்டுமே சுமக்கும். கட்டிலை முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் பிடித்துத் தூக்குவது போல. முன்னால் பிடிக்கிறவர் கொஞ்சம் கூடுதலாகச் சுமக்க வேண்டும். யாராவது கை அசந்துபோவதென்றால் முன்னால் இருப்பவர்தான் முதலில் அசர வேண்டும். அப்படி அசந்தால் மூக்கு லேசாகக் குனியும், வேகம் பிடிக்கும், விமானம் தன்னால் நிமிர்ந்துகொள்ளும். பின்னால் இருப்பவர் முதலில் கைவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். எனக்கு எப்போதும் அந்தக் கேள்விதான் முதலில் வரும். அத்தை, அப்படி விடாதபடிதான் கணக்குப் போட்டிருக்கிறேன் என்றாள்.

அந்தக் கணக்கைத்தான் அவள் திரும்பத் திரும்பப் போட்டாள். கனம் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதுதான் கேள்வி. விமானத்தை இரண்டு பென்சில் முனைகளில் தூக்கி நிறுத்திப் பார்ப்பாள். வால் இறங்கினால் பேட்டரியை முன்னால் தள்ளுவாள். மூக்கு இறங்கினால் பின்னால் இழுப்பாள். அப்போது வீட்டில் மின்விசிறி போடக் கூடாது, யாரும் தும்மக் கூடாது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பேன். அதன் பக்கத்தில் எதையெல்லாம் கொண்டுபோகக் கூடாது என்றும் சட்டம் இருந்தது. பெட்ரோல், பெயின்ட், ரப்பர் பசை, நகப்பூச்சு. என் நகப்பூச்சை எடுத்து ஒரு துண்டுத் தெர்மாகோலில் ஒரு சொட்டு விட்டுக் காட்டினாள். அந்த இடம் சுருண்டு உள்வாங்கிக் குழியாகிவிட்டது. அன்றைக்கே நகப்பூச்சுப் பாட்டிலைக் கொண்டுபோய் வாசல் குப்பையில் போட்டுவிட்டு வந்தேன்.

இதெல்லாம் வெறும் விளையாட்டாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு வயிற்றுவலி வந்திருக்காது. அத்தைக்குப் பெங்களூரில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. அதே சமயத்தில் ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருக்கிற ஒரு நல்ல குடும்பத்திலிருந்து அவளைப் பெண் கேட்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா அடிக்கடி போன் செய்வார். “ஏனுங்க, பொண்ணு என்ன சொல்லுதுங்க?” என்று அவர் கேட்கிற குரலில் அவ்வளவு மரியாதை இருக்கும், அப்பாவால் இன்னும் யோசிக்கிறோம் என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாது. அப்பாவுக்குச் சரி என்றும் சொல்லத் தெரியவில்லை, இல்லை என்றும் சொல்லத் தெரியவில்லை. தகப்பன் ஸ்தானத்தில் நிற்கிற அண்ணன். தங்கையை அனுப்பி ஏதாவது ஆகிவிட்டாலும் பேச்சு, அனுப்பாமல் அவள் முகம் வாடினாலும் பேச்சு. கடைசியில் அந்தப் பாரத்தைத் தூக்கித் தெர்மாகோலின் மீது வைத்துவிட்டார்.

“பாப்பா, உன் பிளேன் ஒரு சுத்து சுத்தி, விட்ட எடத்துக்கே வந்து ஒழுங்கா எறங்கட்டும். பெங்களூரு போயிக்க. எறங்கலேன்னா ஒட்டன்சத்திரத்துக்குச் சரின்னு சொல்லிருவேன். பெறகு மூஞ்சியத் தூக்கக் கூடாது.”

அத்தை யோசிக்கவே இல்லை. சரிண்ணே என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு வயிற்றுவலி ஆரம்பித்தது.

ஏனென்றால் அத்தை எங்கும் போகக் கூடாது என்பதுதான் என் விருப்பம். ஒட்டன்சத்திரம் என்றால் பஸ் ஏறினால் போய்விடலாம், வாராவாரம் பார்க்கலாம், தக்காளி லாரியில்கூட வந்து இறங்கலாம். பெங்களூர் எந்தத் திசையில் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. ஆகவே விமானம் பறக்கக் கூடாது. ஆனால் பறக்காவிட்டால் அத்தையின் முகம் எப்படி ஆகும் என்று நினைத்தாலும் என்னால் தாங்க முடியவில்லை. காலையில் பறக்க வேண்டும் என்று பழனி முருகன் படத்துக்கு முன்னால் நின்று வேண்டிக்கொள்வேன். சாயங்காலம் அதே படத்துக்கு முன்னால் நின்று பறக்கக் கூடாது என்பேன். முருகனே குழம்பிப்போயிருப்பார்.

அம்மா மட்டும் குழம்பவில்லை. அவள் ஒட்டன்சத்திரம் கட்சி, அதுவும் வெளிப்படையாக. வயசுப் பிள்ளையை அம்புட்டு தூரம் அனுப்பிவிட்டு ராத்தூக்கம் வருமா, அங்கே என்ன தின்பாள், தலைக்கு எண்ணெய் வைத்துவிட யார் இருக்கிறார்கள் என்று அப்பாவின் காதில் விழுகிற மாதிரி அடுப்படியிலிருந்து பேசிக்கொண்டே இருப்பாள். எனக்கு அது பெரிய ஆறுதல். வீட்டில் என் கட்சியில் ஒரு பெரிய மனுஷி இருக்கிறாள்.

விமானம் முடிந்த நாள் வெள்ளிக்கிழமை. மறுநாள் காலையில் பறக்கவிடுவதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா கடைக்குத் திருஷ்டி கோப்பது வழக்கம். பெரிய ஊசியில் நூல் ஏற்றி, ஓர் எலுமிச்சம்பழம், மேலேயும் கீழேயும் பச்சை மிளகாய். வாராவாரம் அப்பா அதைக் கொண்டுபோய்க் கடை வாசலில் கட்டுவார். அன்றைக்கு அம்மா இரண்டு கோத்தாள். ஒன்றை அப்பாவின் பையில் வைத்தாள். இன்னொன்றை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு அத்தையின் அறைக்குள் போனாள். அத்தை குளித்துக்கொண்டிருந்தாள்.

நான் பின்னாலேயே போய்க் கதவோரம் நின்றேன். விமானம் மேஜையின் மீது இருந்தது. பின் இறக்கைக்குக் கீழே, உடம்பின் அடியில், உள்ளே ஓடுகிற கம்பிக்காக அத்தை ஒரு பொந்து விட்டிருந்தாள். அதை டேப் ஒட்டி மூடியிருந்தாள். அம்மா அந்த டேப்பைப் பதமாக உரித்து, எலுமிச்சம்பழத்தை மிளகாயோடு அந்தப் பொந்துக்குள் திணித்தாள். பழம் கொஞ்சம் பெரிசு. கட்டைவிரலால் அழுத்தி உள்ளே அனுப்பினாள். டேப்பை மறுபடி ஒட்டிவிட்டு இரண்டு கையாலும் விமானத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். திரும்பியபோது என்னைப் பார்த்துவிட்டாள்.

“தெரு பூராவும் கண்ணு அது மேலதான் இருக்கு. நல்லாப் பறக்கணும்ல. அத்தைகிட்டச் சொல்லாத, அவ இதெல்லாம் நம்ப மாட்டா.”

எனக்குத் தலை சுற்றியது. பறந்தால் அத்தை போய்விடுவாள், அம்மா அவள் போகக் கூடாது என்கிறாள், ஆனால் பறக்கத் திருஷ்டி கட்டுகிறாள். இதில் அம்மா எந்தப் பக்கம்? கேட்கத் தெரியவில்லை. ஓமத்தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

சனிக்கிழமை விடிந்ததும் கடை வேனில் கிளம்பினோம். தட்டானை வாஷிங் மெஷின் அட்டைப்பெட்டிக்குள் வைத்து இரண்டு பக்கமும் தலையணை கொடுத்திருந்தோம். ரெட்டியார்சத்திரம் பக்கம் வற்றிக் கிடந்த ஒரு கண்மாயை அத்தை முன்பே போய்ப் பார்த்து வைத்திருந்தாள். தரை சமமாக இருந்தது. கரை ஓரம் வேலிக்கருவை, ஒரே ஒரு வேப்பமரம். அம்மா இட்லித் தூக்கோடு வேப்பமரத்தடியில் நின்றுகொண்டாள். பக்கத்துத் தோட்டத்தில் கத்தரிக்காய் பறித்துக்கொண்டிருந்தவர்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள். வெயில் ஏறினால் காற்றும் ஏறிவிடும் என்று அத்தை அவசரப்பட்டாள்.

கடைசியாக ஒரு தடவை பென்சில் முனைகளில் விமானத்தை நிறுத்தினாள். வால் தொங்கியது.

அத்தையின் முகம் மாறியதைப் பார்த்தேன். முந்தின நாள் மத்தியானம் சரியாக நின்றது. பேட்டரியைத் தள்ளிப் பார்த்தாள். இனி முன்னால் தள்ள இடமில்லை. வால் இன்னும் லேசாகத் தொங்கியது. மூக்கில் ஏதாவது கனம் வைக்க வேண்டும், என்ன இருக்கிறது என்று சுற்றிலும் பார்த்தாள். நான் வேப்பமரத்தைப் பார்த்தேன். அம்மா ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. அத்தையிடம் சொல்லாதே என்று அம்மா சொல்லியிருக்கிறாளே. சாமிக்கு வைத்ததை எடுத்தால் சாமிக்குற்றம் வேறு ஆகிவிடுமே. அதற்குள் அப்பா தன் சாவிக்கொத்திலிருந்து கடைப் பூட்டின் சாவியைக் கழற்றி நீட்டினார். எங்கள் ஊர்ப் பூட்டு, அதற்குத் தகுந்த கனத்தில் இரும்புச் சாவி. அதை மூக்கில் வைத்து டேப் சுற்றியதும் விமானம் நேராக நின்றது. அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. கத்தரிக்காய்க்காரர்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

தூக்கி எறிகிறவரும் அப்பாதான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தட்டானின் வயிற்றைப் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கி, அத்தை சொன்னதும் ஓடி எறிந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மோட்டார் சத்தம் மட்டும் கேட்டது. விழுகிற சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. கண்ணைத் திறந்தபோது தட்டான் வேப்பமரத்தின் உயரத்துக்கும் மேலே போய்க்கொண்டிருந்தது.

அது பறந்தது. இதை நான் அழுத்திச் சொல்லியாக வேண்டும். ஆடாமல் அசையாமல், அவசரமே இல்லாமல், இரண்டு இறக்கையும் வெயிலில் தெரிய, கண்மாயின் அந்தக் கரைவரை போய்த் திரும்பியது. கத்தரிக்காய்க்காரர்கள் கை தட்டினார்கள். அப்பா தான் வைத்த பந்தயத்தையே மறந்துவிட்டு, திரும்புது பாரு, திரும்புது பாரு என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். அத்தை உதட்டைக் கடித்துக்கொண்டு இரண்டு கட்டைவிரலையும் மெதுவாக நகர்த்திக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் எனக்குப் பெங்களூர் மறந்துபோனது, ஒட்டன்சத்திரம் மறந்துபோனது, வயிறும் வலிக்கவில்லை. இறங்கிவிடு, இறங்கிவிடு என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இறங்குவதற்காகக் கடைசியாக ஒரு திருப்பம் திரும்பியது. அப்போது பின்னாலிருந்து ஏதோ ஒன்று கழன்றது. பின் இறக்கை, வாலோடு சேர்ந்து, தனியாகச் சுழன்றுகொண்டே கீழே வந்தது. மீதி விமானம் மூக்கை ஆகாயத்துக்கு நிமிர்த்தி, ஒரு கணம் அப்படியே நின்று, மல்லாந்து விழுந்தது.

முதலில் பேசியவர் அப்பா. கடைச்சாவி என்றார். சாவி இல்லாவிட்டால் கடை திறக்க முடியாது. அவரும் டிரைவரும் கத்தரிக்காய்க்காரர்களும் மூக்கு விழுந்த பக்கம் ஓடினார்கள். அத்தை எதிர்ப்பக்கம், வால் விழுந்த இடத்துக்கு நடந்தாள். நான் அவள் பின்னால் போனேன்.

வால் துண்டு வேலிக்கருவை ஓரம் கிடந்தது. அத்தை அதைத் தூக்கித் திருப்பினாள். முறிந்த இடத்தில் பொந்து பெரிதாக, உருண்டையாக ஆகியிருந்தது. சுவர் முழுக்கப் பிசின் போல நூல் நூலாக இழுத்தது. அதற்குள் எலுமிச்சம்பழம் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது, ஒரு மிளகாயும் மஞ்சள் நூலும். அத்தை பழத்தைப் பிடுங்கி எடுத்தாள். முகர்ந்து பார்த்தாள். விரலில் ஒட்டிய பிசினைத் தேய்த்துப் பார்த்து, அதையும் முகர்ந்தாள். நூலின் முடிச்சைப் பார்த்தாள். வாராவாரம் கடை வாசலில் தொங்குகிற அதே முடிச்சு. பிறகு தலையைத் தூக்கி, தூரத்தில் வேப்பமரத்தடியில் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிற அம்மாவைப் பார்த்தாள்.

எலுமிச்சைத் தோலில் இருக்கிற எண்ணெய் தெர்மாகோலைக் கரைக்கும். அது எனக்குத் தெரியவந்தது எத்தனையோ வருடம் கழித்து, ஒரு கல்யாணத்தில். தெர்மாகோல் தட்டில் பிரியாணியோடு வைத்த எலுமிச்சைத் துண்டை எடுத்தபோது, தோல் பட்ட இடம் குழி விழுந்திருந்தது. ஊசி குத்திய பழம், ஒரு ராத்திரி முழுக்க இறுக்கமாக உள்ளே இருந்து, பிறகு மூடிய வேனின் வெக்கையில் வேறு. அன்று அந்தக் கண்மாயில் அது தெரிந்தவள் அத்தை ஒருத்திதான். அவளுக்கும் அந்த நிமிடத்தில்தான் தெரிந்தது.

அத்தை பழத்தை வேலிக்கருவைக்குள் தூர வீசினாள். “நீ ஒண்ணும் பாக்கல, சரியா?” என்றாள் என்னிடம். நான் தலையாட்டினேன். முந்தின நாள் அம்மா கொடுத்த ரகசியமே எனக்குச் செரிக்காமல் இருந்தது. இப்போது இன்னொன்று.

அப்பா சாவியோடு வந்தார். சாவி கிடைத்த சந்தோஷம் முகத்தில் இருந்தது. அத்தையைப் பார்த்ததும் அது போய்விட்டது. என்னம்மா ஆச்சு, நல்லாத்தானே பறந்துச்சு என்றார். அவர் குரலில் கிண்டல் இல்லை. அத்தை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அவர் அங்கேயே பெங்களூருக்குச் சரி என்றிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் அப்பாவுக்கு ஒரு குணம். எதையும் மறக்க மாட்டார். எப்போதோ அம்மா கடையில் ஏற்றிய சூடம் சரிந்து பிரிட்ஜ் அட்டைப்பெட்டி ஒன்று கருகியது. அந்தக் கதையை வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும், அம்மா காபி கொண்டுவந்து வைக்கிற நேரம் பார்த்துச் சொல்வார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அம்மா சிரிக்க மாட்டாள்.

“கணக்குத் தப்பாப் போச்சுண்ணே” என்றாள் அத்தை. “கனம் நிக்கிற எடத்தத் தப்பாப் போட்டுட்டேன்.”

அப்பா பெருமூச்சு விட்டார். சாவியைக் கட்டும்போதே நினைத்தேன் என்றார்.

திரும்பி வரும்போது வேனில் உடைந்த துண்டுகள் அட்டைப்பெட்டிக்குள் உருண்டுகொண்டே வந்தன. இட்லித் தூக்கு திறக்கப்படவே இல்லை. எனக்கு அத்தை கணக்கில் தோற்றுப்போனதுதான் பெரிய அதிர்ச்சி. நான் நம்பியிருந்த ஒரே கணக்கு அது. எலுமிச்சம்பழம் கனம் கூட்டியது, அதனால்தான் வால் தொங்கியது என்பதுவரை என் மூளைக்கு எட்டியது. ஆனால் சாவி கட்டி அதைச் சரிசெய்தாகிவிட்டதே, அத்தையே தப்பு என்கிறாளே. அப்படியானால் தப்புத்தான். இனி ஒட்டன்சத்திரம்தான். நான் சாயங்காலம் வேண்டிக்கொண்டது பலித்துவிட்டது. ஏன் அழுகை வருகிறது என்று தெரியாமல் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

மத்தியானம் அத்தை கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டாள். உடைந்த விமானம் அட்டைப்பெட்டியோடு கொல்லைப்பக்கம் துவைக்கிற கல்லருகே இருந்தது. அம்மா அதைக் குப்பையில் போட எடுத்தவள், போடாமல் கல்லின் மீது உட்கார்ந்து வால் துண்டை மடியில் வைத்துக்கொண்டாள். பொந்துக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். அவள் கட்டைவிரலால் கஷ்டப்பட்டு அழுத்திய பொந்து. இப்போது ஐந்து விரலும் உள்ளே போயின. விரலை முகர்ந்தாள்.

அத்தை தண்ணீர் குடிக்க எழுந்து வந்தபோது அம்மா கேட்டாள்.

“இது எப்பிடித் தாயி இப்பிடி ஆச்சு?”

“எறும்பு அரிச்சிருக்கும் மதினி.”

“எறும்பா.”

“ஆமா மதினி. இந்த ஊரு எறும்பு எதையும் விடாது.”

அம்மா அத்தையின் முகத்தையே பார்த்தாள். அத்தை சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். தெர்மாகோல் தூசி என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் அப்பா சீக்கிரமே கடையை மூடிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார். சாப்பிட்டுவிட்டு ஒட்டன்சத்திரத்துக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுகிறேன், அவர்களையும் எத்தனை நாள் இழுப்பது என்றார். பாப்பாவே கணக்குத் தப்பு என்று ஒத்துக்கொண்டுவிட்டாள், பேச்சு என்றால் பேச்சு என்றார். அம்மா கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். அப்பா பேசும்போது அவள் குறுக்கே பேசி நான் பார்த்ததில்லை.

“நம்ம பிள்ளைக்குக் கணக்கு வரலைன்னா டீச்சர்கிட்ட அனுப்புவீகளா, மாப்பிள்ளைகிட்ட அனுப்புவீகளா?”

அப்பாவின் கை சோற்றில் நின்றது.

“தப்புன்னு அவளே சொல்றாள்ல. அப்பப் படிச்சுத் திருத்திக்கிட்டு வரட்டும். பெங்களூருக்கு அனுப்புங்க.”

நீதானே வேண்டாம் வேண்டாம் என்று தலையைத் தின்றாய் என்றார் அப்பா. ஆமாம், இப்போது நான்தான் அனுப்பச் சொல்கிறேன் என்றாள் அம்மா. ஏன் என்று அவர் கேட்டதற்கு, ரசம் ஊற்றவா, மோர் ஊற்றவா என்றாள். அதற்கப்புறமும் விடவில்லை. சாப்பாடு வைக்கும்போதெல்லாம் பெங்களூர், காபி வைக்கும்போதெல்லாம் பெங்களூர். அப்பா தாக்குப்பிடிக்கவில்லை. அவருக்கும் உள்ளுக்குள் அந்த விமானம் திரும்பியது கண்ணிலேயே நின்றிருக்க வேண்டும். ஒட்டன்சத்திரத்துக்குப் போன் செய்து, கோபித்துக்கொள்ளக் கூடாது, பிள்ளை இன்னும் படிக்க ஆசைப்படுகிறது என்று சொன்னார். அந்தப் பக்கத்தில், படிக்கட்டுங்க, நல்லா இருக்கட்டுங்க என்றார்களாம்.

எனக்கு அம்மா மீது வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கூடவே இருந்து கட்சி மாறிவிட்டாள். விமானம் விழுந்தே போன பிறகு, யாரும் கேட்காதபோது, தானாக முன்வந்து அத்தையை அனுப்பச் சொல்கிறாள். ஏன் என்று யோசித்து யோசித்து ஒரு காரணம் கண்டுபிடித்தேன். சோற்றில் விழுந்த தெர்மாகோல். வீட்டைக் கூட்டிக் கூட்டி அலுத்துப்போய் அத்தையைத் துரத்துகிறாள். அப்படித்தான் நம்பினேன். அம்மா கொடுத்த ஓமத்தண்ணீரை வேண்டாம் என்று தள்ளிவிட்டேன். அது என்னால் செய்ய முடிந்த பெரிய போராட்டம்.

அத்தை கிளம்பிய அன்று எல்லோரும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். அப்பா பெட்டியை மேலே ஏற்றுவதில் கண்டக்டரோடு மும்முரமாக இருந்தார். அம்மாவும் அத்தையும் ஜன்னலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று, எண்ணெய்ப் பாட்டில் எந்தப் பையில் இருக்கிறது, போய்ச் சேர்ந்ததும் எந்த நேரத்தில் போன் செய்ய வேண்டும் என்பதையெல்லாம் பேசினார்கள். எலுமிச்சம்பழம் என்ற பேச்சையே இருவரும் எடுக்கவில்லை. அன்றைக்கும் இல்லை, எனக்குத் தெரிந்து அதற்கப்புறம் என்றைக்கும் இல்லை. பஸ் நகர்ந்தபோது அத்தை கையை நீட்டினாள். அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே கொஞ்சதூரம் ஓடினாள். பிறகு விட்டுவிட்டு, மூச்சு வாங்க என்னிடம் வந்து என் தலையைத் தடவப் போனாள்.

நான் தள்ளிப்போய் அப்பாவின் பக்கத்தில் நின்றுகொண்டேன். அந்த வீட்டில் அத்தை மீது உண்மையான பிரியம் உள்ள ஒரே ஆள் நான்தான் என்று நினைத்தேன்.